மெய்ம்மறை

(ஏறுதழுவல் விழாவையொட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இளைஞர்கட்கு ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழில் மெய் என்னும் சொல்லுக்கு உண்மை என்பதும் பொருள். உடம்பு என்பதும் பொருள். உடம்பைப் பொய்யென்று இகழ்ந்து பாடியவர் பலர். மொழியோ அதற்கு மெய் என்றே பெயரிட்டு வைத்துள்ளது. அம்மெய்யை மறைத்துக் காப்பது மெய்ம்மறை. போர்க்களத்தில் மறவர் அணிந்த உடற்காப்பைக் குறிக்கும் இவ்வருந்தமிழ்ச் சொல்லைப் பதிற்றுப்பத்து, தன் படைஞரைக் காத்து முன்நிற்கும் சேர வேந்தனுக்கே பெயராக்கிப் போற்றுகிறது. கவசம் என்னும் வடசொல் வந்து குடியேறிய பின் மெய்ம்மறை ஏட்டிலே உறங்கலாயிற்று.

கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சி மெய்ம்மறை செய்வதற்கு நெடுங்காலம் முன்னரே, மாந்தன் பிறக்கும்போதே உடன்கொண்டு வந்த மெய்ம்மறை ஒன்று உண்டு. தோல், தசை, விலாவெலும்பு என்னும் மூன்றாலும் ஆகியது அது. அதன் வலிமை யாது, அதன் எல்லை யாது என்னும் இரண்டையும் அறிதல் வேண்டும். வலிமையை மட்டும் அறிந்து எல்லையை அறியாதவன் களத்தில் ஏமாறுவான். காளை முட்டித் தள்ளுகிறது, விழுகிறான், எழுகிறான். மேலே கீறலும் இல்லை, குருதியும் இல்லை. ஆகவே ஒன்றுமில்லை என்று மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறான். உள்ளே ஈரல் கிழிந்து குருதி கசிந்துகொண்டிருக்குமாயின், அவன் விடியலைக் காணாமலே போகவும் கூடும். மதில் நிற்கின்றது என்பது கொண்டே மனை நலமாயிருக்கின்றது என்று முடிவு கட்டலாகாது. இன்று சொல்லவேண்டியவற்றுள் தலையாயது இதுவே.

மதில் என்றவுடன் இம்மாவட்டத்தார்க்கு நினைவில் எழுவது திருமயம். திருமெய்யம் என்பதே அதன் பழம்பெயர். 17-ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர் எழுப்பிய அக்கோட்டைக்கு ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பர். அவற்றுள் சில இன்றும் நிற்கின்றன. ஒரே மதிலைத் தடிப்பாகக் கட்டாமல் பல மதில்களை ஒன்றனுள் ஒன்றாகக் கட்டியது ஏன்? ஒவ்வொரு மதிலும் ஒவ்வொரு வகைப் பகையை எதிர்கொள்ளும். ஒன்று தவறினும் மற்றொன்று தாங்கும். உடம்பின் அமைப்பும் அத்தகையதே.

புறமதில்: தோல்

தோலை வெறும் போர்வை என்று எண்ணுவார் பலர். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். கண்ணிமையில் அது ஏறத்தாழ அரை மில்லி மீட்டர் தடிப்பே. முதுகிலோ அதனினும் பன்மடங்கு தடித்தது. எங்கே நெகிழ்வு வேண்டுமோ அங்கே மெல்லிது. எங்கே உராய்வு மிகுமோ அங்கே வல்லிது.

தோலின் மேற்பரப்பு உயிரற்ற அணுக்களால் ஆகியது. கூரைமேல் ஓடு வேய்ந்தாற்போல் அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. தேயத் தேய அடியிலிருந்து புதிய அணுக்கள் மேலெழுந்து வருகின்றன. அடியில் தோன்றிய அணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும். கொத்தனின்றித் தன்னைத்தானே புதுக்கிக்கொள்ளும் மதில் இது! இதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய புளிமத் தன்மை நோய்நுண்ணுயிர்கள் பெருகவிடாமல் தடுக்கிறது. தோலில் உள்ள கருநிறமியோ கதிரவனின் புறவூதாக் கதிர்களை உறிஞ்சிக்கொண்டு, உயிரணுவின் கருவுக்குக் குடைபோல் கவிந்து நிற்கிறது. வெயில் நிலத்து மக்களுக்குக் கருந்தோல் இயற்கை தந்த காப்பு. அதனை இழிவென்று எண்ணி வெளுப்புக் களிம்பு தேடித் திரிவது அறியாமை.

தோலின் அருமை, அதனை இழந்தபோதே தெரியும். உடம்பில் பெரும்பகுதி தீயில் வெந்தவர், நெருப்பு அணைந்த பின்னும் உயிருக்குப் போராடுவது ஏன்? உள்ளிருக்கும் நீர் ஓயாது கசிந்து வெளியேறுகிறது; வெளியிருக்கும் நுண்ணுயிர் தடையின்றி உள்ளே புகுகிறது. நீரை உள்ளே நிறுத்துவதும் நோயை வெளியே நிறுத்துவதும் தோலின் இருபெரும் பணிகள் என்பது அப்போது விளங்கும்.

இனி, அதன் எல்லை. தோல் நெகிழும் தன்மையது. காளையின் கொம்பு குத்தும்போது தோல் உள்வாங்கி, நீண்டு, பின்னரே கிழியும். கொம்பு வெளிவந்ததும் நெகிழ்ந்த தோல் சுருங்கிப் பழைய நிலைக்கு மீளும். ஆகவே வெளியே தெரியும் புண் சிறியதாகவே இருக்கும். ஆனால், கொம்பு உள்ளே இருந்தபோது காளை தலையை உதறியிருக்கும். அந்த உதறலில் கொம்பின் முனை ஒரே புண்வாயின் வழியாகப் பல திசைகளில் தசையைக் கிழித்திருக்கும். புறத்தே இரண்டு விரல் அகலம். அகத்தே ஒரு முழ ஆழம். இதனை அறியாதார், சிறு காயம் என்று கூறி மேல்தோலை மட்டும் தைத்துக்கொண்டு போய்விடுகின்றனர்.

மண்ணும் சாணியும் படிந்த கொம்பு உள்ளே நுழையும்போது நோய்நுண்ணுயிர்களும் உடன் நுழைகின்றன. காளைப்போர் நிகழும் இசுப்பானிய நாட்டின் தலைநகராகிய மாட்ரிடில், காளைப்போர்க் களத்தின் எதிரே ஒரு சிலை நிற்கின்றது. அது காளையை வென்ற மறவன் ஒருவனின் சிலையன்று. 1928-இல் பெனிசிலின் மருந்தைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிவியலறிஞரின் சிலை. அதனை 1964-இல் நன்றியோடு நிறுவச் செய்தவர்கள் காளைப்போர் மறவர்களே. கொம்பால் செத்தவரைக் காட்டிலும் கொம்பு விட்டுச் சென்ற சீழால் செத்தவர் தம்முள் பலர் என்பதை அவர்கள் நன்கறிவர். மண்ணிலும் சாணியிலும் வாழும் நுண்ணுயிரால் வருவது டெட்டனசு என்னும் இசிவுநோய். அதற்குரிய தடுப்பூசியைக் களத்தில் இறங்கும் முன்பே போட்டுக்கொள்ளுதல் ஒவ்வோர் இளைஞனின் கடமை.

நடுமதில்: தசை

நெஞ்சுக்கு எலும்புக் கூடு உண்டு. மண்டைக்கு எலும்பு ஓடு உண்டு. வயிற்றின் முன்புறத்தில் மட்டும் எலும்பே இல்லை. இயற்கை இவ்விடத்தை மறந்துவிட்டதா? இல்லை. உண்டால் வயிறு விரிதல் வேண்டும். குனிந்தால் மடிதல் வேண்டும். தாயின் வயிற்றில் பத்துத் திங்கள் பிள்ளை வளர்தல் வேண்டும். எலும்பு இட்டிருந்தால் இவற்றுள் ஒன்றும் இயலாது. ஆகலின் அங்கே தசையே மதிலாயிற்று.

வயிற்றின் பக்கங்களில் மூன்று தசைப் படலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. மேற்படலத்தின் நார்கள் முன்னோக்கிக் கீழே சரிகின்றன. அதனடியில் உள்ளதன் நார்கள் அதற்குக் குறுக்காக மேலேறுகின்றன. மூன்றாவதன் நார்களோ கிடையாக ஓடுகின்றன. நடுவே, நெஞ்சிலிருந்து இடுப்பு வரை நெடுக்காக இரண்டு தசைப்பட்டைகள் இறங்குகின்றன. கயிற்றுக் கட்டிலைப் பின்னுவோர் ஒரே திசையில் கயிற்றை இழுத்துக் கட்டுவதில்லை. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால்தான் கட்டில் ஆள் சுமை தாங்கும். அந்நுட்பமே வயிற்றுச் சுவரிலும் அமைந்திருக்கிறது.

இம்மதிலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அடி வருவதைக் கண் கண்டவுடன், எண்ணிப் பார்க்கும் முன்னரே, வயிற்றுத் தசை தானாக இறுகிக் கொள்ளும். இறுகிய தசை அடியின் விசையைப் பரப்பித் தாங்கும். அடி பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ எதிர்பாராது வருமாயின், தசை இறுகுதற்கு நேரமிராது. விசை முழுதும் குடலையும் ஈரலையும் சென்று தாக்கும். கள்ளும் மதுவும் உண்டு களத்தில் நிற்பானுக்கும் இக்கதியே. அவன் கண்டும் காணாதவன். அவன் தசை காலத்தில் விழிப்பதில்லை.

அடிபட்டுச் சிறிது நேரம் சென்றபின் வயிறு பலகைபோல் விறைத்து, தொடவும் ஒண்ணாதபடி வலிக்குமாயின், அதனை உறுதியான வயிறு என்று எண்ணி மகிழலாகாது. உள்ளே குடல் கிழிந்து அதனுள்ளிருப்பது கசிந்திருக்கலாம். ஈரலினின்று குருதி பெருகியிருக்கலாம். அந்த எரிச்சலால் தசை தானே விறைத்து, உள்ளே தீங்கு நேர்ந்தது என்று பறையறைகின்றது. அப்பறையைக் கேளாதிருத்தல் உயிருக்கு ஏதம்.

உள்மதில்: விலாவெலும்பு

விலாவெலும்புகள் 12 இணை, ஆக, 24. ஆடவர்க்கு ஒன்று குறைவு என்பது வெறுங்கதை. இரு பாலார்க்கும் எண்ணிக்கை ஒன்றே. பின்புறத்தில் அவை முதுகெலும்போடு மூட்டப்பெற்றுள்ளன. முன்புறத்தில் மேலுள்ள 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பால் நெஞ்செலும்பை நேரே பற்றுகின்றன. 8, 9, 10 ஆகியவை தமக்கு மேலுள்ளதன் குருத்தெலும்பைப் பற்றிக்கொள்கின்றன. 11-உம் 12-உம் முன்னே எதனையும் பற்றாமல் தசைக்குள்ளேயே முடிகின்றன.

நெஞ்சாங்குலையையும் நுரையீரலையும் காப்பதற்கு இடைவெளியில்லாத பேழை ஒன்றை வைத்திருந்தால் இன்னும் வலிதாயிருக்குமே என்று கேட்கலாம். ஆமையிடம் அப்பேழை உண்டு. அதன் முதுகோடு விலாவெலும்புகள் விரிந்து ஒட்டி உருவானதே. அதனால் ஆமை விலாவை அசைத்து மூச்சு விட இயலாது. வேறு தசைகளைக் கொண்டே நுரையீரலை இயக்குகின்றது. மாந்தனோ ஓடவும் பாயவும் வல்லவன். அவனுக்கு நிறைந்த மூச்சு வேண்டும். ஆகவே அவனுக்கு வாய்த்தது அசையும் கூடு. விலாக்களுக்கிடையே உள்ள தசைகள் அவற்றை மேலும் புறமுமாகத் தூக்கும்போது நெஞ்சறை விரிகின்றது; காற்று உள்ளே விரைகின்றது. காவலும் இயக்கமும் ஒன்றற்கொன்று மாறானவை. அவ்விரண்டையும் ஒருங்கே முடித்துக் காட்டியிருக்கின்றன வளைந்த எலும்பும் நெகிழ்ந்த குருத்தும். மூங்கில் வளைவதால் காற்றைத் தாங்குவது போல், விலாவும் வளைவதால் அடியைத் தாங்குகின்றது.

ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் உட்புறமாக ஒரு வாய்க்கால் உண்டு. அவ்விடத்துக் குருதிக் குழாய்களும் நரம்பும் அதனுள் ஒதுங்கி ஓடுகின்றன. நெஞ்சறையிலிருந்து நீரையோ காற்றையோ வெளியேற்றும் மருத்துவர், ஊசியைக் கீழேயுள்ள விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே செலுத்துவது அவ்வாய்க்காலைத் தவிர்ப்பதற்காகவே.

விலாக்கூடு நெஞ்சை மட்டுமே காக்கிறது என்று எண்ணுதல் பிழை. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே கவிழ்த்த குடைபோல் ஒரு தசைத்திரை உண்டு. உதரவிதானம் என்று வடசொல்லால் வழங்கும் இதனை ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் பிரிமென்றகடு என அழகுறக் குறிக்கின்றன. மூச்சை முழுதும் வெளிவிடும்போது இது ஏறத்தாழ மார்புக்காம்பின் மட்டம்வரை உயர்கின்றது. ஆகவே வலப்பக்கத்துக் கீழ்விலாக்களின் மறைவில் கல்லீரல் இருக்கின்றது; இடப்பக்கத்தில் 9, 10, 11-ஆம் விலாக்களின் மறைவில் மண்ணீரல் இருக்கின்றது; பின்புறக் கடைவிலாக்களின் அருகே சிறுநீரகங்களின் மேற்பகுதி இருக்கின்றது.

இக்கூட்டின் எல்லையையும் காண்போம். முறிந்த விலாவின் முனை நுரையீரலைக் குத்தினால் காற்று கசிந்து நெஞ்சறையில் நிறையும், நுரையீரல் சுருங்கும், மூச்சு முட்டும். அடுத்தடுத்த மூன்று விலாக்களோ அவற்றின் மிகையோ ஒவ்வொன்றும் ஈரிடத்து முறியுமாயின், அத்துண்டு கூட்டினின்று தனித்து, மூச்சு இழுக்கும்போது உள்வாங்கியும் விடும்போது புறம்புடைத்தும் மாறாக அசையும். அது கண்ட அப்போதே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

சிறுவர்தம் விலா மிக நெகிழ்வானது. ஆகலின் எலும்பு முறியாமலே உள்ளிருக்கும் நுரையீரல் கன்றிப்போகும். எலும்பு நன்றாயிருக்கின்றது என்பது சிறுவர்க்கு முழு ஆறுதல் ஆகாது. முதியோர்க்கோ குருத்து இறுகி எலும்பு நலிந்திருக்கும். சிறு அடியும் முறிக்கும். களத்தோரத்தில் சிறுவரையும் முதியோரையும் நிறுத்தாதீர் என்பதற்கு இவையே கரணியம். 2019 சனவரி 20-இல் விராலிமலையில் 1,300-க்கு மேற்பட்ட காளைகளை அவிழ்த்துப் பெருஞ்சாதனை நிகழ்த்திய சல்லிக்கட்டில் உயிர்நீத்த இருவரும், காளையைத் தழுவ வந்தவர்கள் அல்லர்; பார்க்க வந்தவர்கள்.

எல்லாவற்றிலும் ஏமாற்றம் மிக்கது மண்ணீரற் காயம். ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள அம்மெல்லுறுப்பு குருதியால் நிறைந்தது. இடப்பக்கக் கீழ்விலாவில் பட்ட அடியால் அது கிழியலாம். உடனே கிழியாமல் கன்றி, தன் உறைக்குள்ளேயே குருதியைத் தேக்கி, நாள்கள் சில கழித்து வெடிப்பதும் உண்டு. அப்போது இடத்தோளில் வலி தோன்றும். அடிபட்டது விலாவில்; வலிப்பது தோளில்! தசைத்திரையின் நரம்பும் தோள்புறத்து நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் தோன்றுவதே இதற்குக் கரணியம். இதனை அறியாதான் தோளுக்குத் தைலம் தடவிக்கொண்டிருப்பான்.

செய்வனவும் தவிர்வனவும்

ஏறு குத்திக் குடர் வெளிப்பட்ட செய்தி முல்லைக்கலியிலேயே காணப்படுகின்றது. அன்று அறுவை மருத்துவமனை இல்லை. துணிவு ஒன்றே துணை. இன்று அவ்வாறன்று. 2017-இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 108 என்னும் எண்ணை அழைத்தால் மருத்துவ ஊர்தி வருகின்றது. ஆகவே இன்றைய அறிவுக்கேற்ப நடத்தலே மறவர்க்கு அழகு.

குடல் வெளியே சரிந்திருந்தால் அதனை உள்ளே திணிக்கலாகாது. தூய துணியைத் தூய நீரில் நனைத்து மேலே போர்த்துக. அது உலராமல் காக்க. அடிபட்டவரை மல்லாக்கக் கிடத்தி முழங்கால்களை மடக்கி வைத்தால் வயிற்றுச் சுவர் தளரும். குத்திய பொருள் உள்ளேயே முறிந்து நின்றால் அதனைப் பிடுங்கலாகாது. அதுவே குருதிக்கு அடைப்பாக நிற்கக்கூடும். புண்ணில் மஞ்சளோ சாம்பலோ காப்பித்தூளோ அப்பலாகாது. உண்ணவும் பருகவும் எதுவும் தரலாகாது; அறுவை மருத்துவத்துக்கு மயக்கம் தரும்போது இரைப்பையில் உள்ளது மூச்சுக்குழலில் ஏறிவிடும். நெஞ்சில் புண்பட்டுக் காற்று உறிஞ்சும் ஓசை கேட்டால், அதனைக் காற்றுப் புகாதபடி இறுக அடைக்கலாகாது. உள்ளே சேரும் காற்று வெளியேற வழியின்றி நெஞ்சை நெரிக்கும். விலா முறிந்தால் துண்டால் இறுகக் கட்டுவது பழைய வழக்கம். அவ்வழக்கத்தை மருத்துவர்கள் இன்று கைவிட்டுவிட்டனர். கட்டினால் மூச்சு ஆழ்ந்து செல்லாது, சளி தேங்கி நுரையீரல் அழற்சி வரும்.

இவற்றையெல்லாம் பிறமொழிச் சொற்களாலேதான் சொல்லவியலும் என்பார் உளர். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் உடற்கூற்றையும் அறுவை மருத்துவத்தையும் தமிழிலேயே கற்பித்தார்; அவற்றுக்குத் தமிழ் நூல்களும் ஆக்குவித்தார். கடல் கடந்து வந்தவர்க்கு இயன்றது, இம்மண்ணில் பிறந்தார்க்கு இயலாதா? விலா, மண்ணீரல், நெஞ்சாங்குலை, குருத்தெலும்பு என்னும் சொற்களை ஏர்பிடிப்பவனும் அறிவான். எங்கே வலிக்கின்றது என்று நோயாளி தன் மொழியில் சுட்டவும், என்ன நேர்ந்தது என்று மருத்துவர் அதே மொழியில் விளக்கவும் இயலும்போதே காலத்தில் உயிர் காக்கப்பெறும்.

இளைஞர்களே! விழுப்புண்ணைப் போற்றிய மரபு தமிழ்மரபு. புண்ணை மறைக்கச் சொல்லிற்றில்லை அம்மரபு. தோழன் ஒருவன் விழுந்து எழுந்தால், அவன் ஒன்றுமில்லை என்று சிரித்தாலும் விட்டுவிடாதீர்கள். மூச்சை இழுக்கும்போது குத்துகின்றதா? தோளில் வலி ஏறுகின்றதா? வயிறு விறைக்கின்றதா? சிறுநீர் சிவக்கின்றதா? கண் இருண்டு, முகம் வெளுத்து, குளிர்ந்து வியர்க்கின்றதா? இவற்றைக் கேளுங்கள். ஒன்றற்கேனும் ஆம் என்று விடை வருமாயின், காளையை அடக்கிய அக்கைகளாலேயே அவனைத் தாங்கி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விடை இல்லையென்றே வந்தாலும், அன்றிரவு அவனைத் தனியே உறங்கவிடாதீர்கள்; அடுத்த சில நாள்களிலும் இவ்வினாக்களை மீண்டும் மீண்டும் கேளுங்கள்.